புதன்கிழமை, ஐந்து மணி

மொத்தம் பதினேழு மணி நேரம், முப்பது நிமிடம். ஓர் அமர்வுக்கு ஐம்பது நிமிடம், இருபத்தோரு அமர்வுகள். நீங்கள் எனக்கு அனுப்பிய கடிதத்தில் ‘ஏறக்குறைய இருபது மணி நேரம்’ என்று இருக்கிறது. அதைத் திருத்திக்கொண்டால் நல்லது. நான் வேதியியல் படித்தவள். எண்ணில் பிசகு இருந்தால் அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்காது.

எனக்குக் கோவையாகப் பேச வராது. ஒருவர் எதிரே உட்கார்ந்து பேசினால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேட்பேன். இப்படி விசாரணைக் குழுவாக மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்து என்னைப் பேசச் சொன்னால் பேச்சு முன்னும் பின்னும் போய்விடுகிறது. அதனால் நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு மாலையை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். காரணம் இருக்கிறது. தண்ணீர் வைத்ததற்கு நன்றி.

என் அறை முதல் மாடியில் இருக்கிறது. கீழே ஜெராக்ஸ் கடை. படி ஏறி வந்தால் வலப்பக்கம் என் கதவு, இடப்பக்கம் பல் மருத்துவர். உள்ளே இரண்டு நாற்காலி, ஒரு சின்ன மேசை, அதன் மேல் டிஷ்யூ பெட்டி. சுவர்க் கடிகாரம் வருகிறவருக்குப் பின்னால் மாட்டியிருக்கும். நேரம் எனக்கு மட்டும் தெரியும். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான்.

பெரியவர்களுக்கு மட்டும் தனி ஆலோசனை. தூக்கம் வராதவர்கள், மணமுறிவுக்குப் பின் பேச ஆள் இல்லாதவர்கள், வேலைக்குக் கிளம்பும்போதே பயம் பிடித்துக்கொள்கிறவர்கள். முதல் நாள் ஒரு படிவம் கொடுப்போம். பெயர், வயது, வேலை, மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா. கடைசி வரியில் ‘நம்பிக்கை வழி அணுகுமுறை’ என்று இருக்கும். பக்கத்தில் இரண்டு கட்டம்: வேண்டும், வேண்டாம். வேண்டும் என்றால் அமர்வின் முடிவில் பிரார்த்தனை உண்டு, செய்த தவற்றை எழுதிப் படிப்பது உண்டு, மன்னிப்பு உண்டு. எந்தக் கடவுள் என்று நாங்கள் கேட்பதில்லை. வேண்டாம் என்றால் வெறும் பேச்சு. விருப்பம் வருகிறவருடையது. படிவத்தை எழுதியதே உங்கள் அமைப்புதான் என்பதால் இதை நான் விளக்கத் தேவையில்லை.

அவன் ‘வேண்டாம்’ என்ற கட்டத்தில் டிக் போட்டான். தாள் கிழிகிற அளவுக்கு அழுத்திப் போட்டான்.

லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வயது. வேலை என்ற இடத்தில் ‘மேலே, கீழே’ என்று எழுதியிருந்தான். புதன்கிழமை ஐந்து மணி அவனுடைய நேரம். கிரீஸ் கறையைப் பெட்ரோல் போட்டுத் துடைத்துவிட்டு வருவான். அறையில் அந்த வாசனை வியாழக்கிழமை வரை இருக்கும். என்ன கஷ்டம் என்று கேட்டேன். ஒரு கஷ்டமும் இல்லை என்றான். சம்பளம் ஒழுங்காக வருகிறது, வீட்டில் அம்மா அன்பாக இருக்கிறாள், அக்கா அதைவிட அன்பாக இருக்கிறாள், அக்கா புருஷன்கூட நல்லவர்தான், அதுதான் வேடிக்கை என்றான். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னான்.

“பகல் பூரா ஊர்ல இருக்கறவங்களை எல்லாம் மேல ஏத்தி விடறேன் மேடம். நான் மட்டும் கீழேயே நிக்கறேன். காரணம் தெரிஞ்சா நானே ஸ்பேனர் எடுத்துச் சரி பண்ணிடுவேன்.”

அவனுக்கு அக்கா என்றால் உயிர். ஆனால் நேரில் ‘பெரிசு’ என்றுதான் கூப்பிடுவானாம். ஐந்து வயது மூத்தவளைத் தாத்தா மாதிரிக் கூப்பிட்டால் அவள் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும் என்பான். இங்கே வருவதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் வேலையை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள் என்று பயம்.

நான் நம்பிக்கை உள்ளவள். பதினெட்டு வயதில் எனக்கு ஒரு இருட்டு வந்தது. எந்த மருத்துவராலும் முடியாததைப் பிரார்த்தனை செய்தது. அதனால் நான்காவது அமர்வில், படிவம் என்ன சொன்னாலும், ஒரு நிமிடம் கண்ணை மூடச் சொன்னேன். மூடினான். நான் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தேன். அவன் ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

“அவர் லைனுக்கு வந்துட்டாரா மேடம்? வரலைன்னா நாம ரெண்டு பேரும் பேசிட்டிருக்கலாமே.”

நானும் சிரித்தேன். சிரிக்க வேண்டிய இடம்தான். அன்று மாலை இரண்டே இரண்டு டீக் கோப்பைகளைக் கழுவ எனக்கு அரை மணி நேரம் ஆனது.

ஏழாவது அமர்வில், டிக்கை ‘வேண்டும்’ என்று மாற்றிப் பிரார்த்தனையின் பக்கம் வராதவரை என்னால் அவனுக்குப் பயன் இல்லை என்று சொன்னேன். கட்டாயப்படுத்தினேன் என்று உங்கள் குறிப்பில் இருக்கிறது. கட்டாயம் இல்லை. உள்ளதைச் சொன்னேன். அவன் விரல் நகத்தில் இருந்த கிரீஸைச் சுரண்டியபடி கேட்டான்.

“அப்ப அடுத்த வாரம் வரட்டுமா, வேணாமா மேடம்?”

“அதை நீங்கதான் முடிவு பண்ணணும்.”

அது நல்ல பதில். பாடப்புத்தகத்தில் இருக்கிற பதில்.

எட்டாவது புதன்கிழமைக்குப் பதிவேட்டில் நான் எழுதியது ‘வரவில்லை’. நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். மறுநாள் காலையில் அவனைப் பாலத்துக்குக் கீழே, ஆற்றிலிருந்து எடுத்தார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தப் பையன் உங்ககிட்ட வருவானே, அவன்தானே என்று கேட்டார். மாடிக்கு நிறையப் பேர் வருகிறார்கள், பல் பிடுங்கவும் வருகிறார்கள் என்று சொன்னேன்.

ஒன்பது வாரம் அந்த நேரத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. புதன்கிழமை ஐந்து மணிக்கு அறையில் சும்மா உட்கார்ந்திருப்பேன். இரவில் தூக்கம் வராது. வந்தாலும் நடுவில் விழித்துக்கொள்வேன். இதை எழுதிக்கொள்ளுங்கள். எனக்கும் கஷ்டம் இருந்தது என்பது பிறகு மறந்துபோகும்.

பத்தாவது வாரம் அவன் அக்கா வந்தாள்.

கையில் எங்கள் சந்திப்பு அட்டை இருந்தது, கிரீஸ் ரேகையோடு. தம்பியின் கருவிப் பெட்டியில், திருகாணி டப்பாவுக்கு அடியில் கிடைத்ததாம். உட்காரவில்லை. நின்றபடியே கேட்டாள்.

“சின்னவன் இங்க வந்தானா மேடம்?”

இங்கே யார் வருகிறார்கள், வரவில்லை என்று சொல்லக் கூடாது, அது விதி என்றேன்.

“செத்தவனுக்குமா?”

“செத்தவங்களுக்கும்தாம்மா.”

அது உண்மையிலேயே விதி. பக்கம் பதினொன்று.

அப்போதுதான் உட்கார்ந்தாள். அவன் உட்கார்ந்த நாற்காலியில்தான். அந்தப் பக்கம் வேறு நாற்காலி இல்லை. அவள் டயாலிசிஸ் பிரிவில் டெக்னீஷியன். ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரங்கள் வரிசையாக நிற்கும் கூடத்தில் ஒரு ஷிஃப்டுக்கு ஐந்து நோயாளிகளைப் பார்த்துக்கொள்வாள். அந்தப் புதன்கிழமை ஐந்து மணி வாக்கில் ஏழாம் நம்பர் நாற்காலியில் இருந்த முதியவருக்குத் திடீரென்று ரத்த அழுத்தம் விழுந்தது. எண்பது, எழுபது, அறுபத்திரண்டு. நாற்காலியைப் பின்னால் சாய்த்து, காலை உயர்த்தி, உப்புநீரைத் திறந்துவிட்டு நிற்கும்போது பையில் போன் அதிர்ந்தது. இடது கையால் எடுத்துப் பார்த்தாள். ‘சின்னவன்’ என்று இருந்தது. கட் செய்துவிட்டாள். அப்போது மணி ஐந்து பன்னிரண்டு. போனில் பதிவாகியிருக்கிறது. முதியவர் பிழைத்துக்கொண்டார். ஐந்து இருபத்தைந்துக்கு அவள் திருப்பிக் கூப்பிட்டபோது தம்பியின் போன் அணைந்திருந்தது.

இத்தனையையும் ஷிஃப்ட் மாறும்போது அடுத்த ஆளிடம் சொல்வதுபோல மளமளவென்று சொல்லிவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் ஏதோ ஒரு விதத்தில் கேட்டாள்.

“எங்கேருந்து கூப்பிட்டிருப்பான் மேடம்? பாலத்துலேருந்தா? நான் கட் பண்ணினதும்தான் குதிச்சானா? அது மட்டும் தெரிஞ்சா போதும். எதுவா இருந்தாலும் தாங்கிக்குவேன்.”

நான் படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். உனக்கே பேச ஆள் தேவைப்படுகிறதே என்றேன். புதன்கிழமை ஐந்து மணி காலியாக இருக்கிறது என்றும் சொன்னேன். அவள் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டாள்.

படிவத்தில் கடைசி வரியில் இரண்டு கட்டத்தையும் காலியாக விட்டிருந்தாள். கவனிக்கவில்லையோ, யோசித்துவிட்டு விட்டாளோ, தெரியாது. ‘வேண்டும்’ என்ற கட்டத்தில் இருக்கும் டிக் என்னுடையது. அவள் கணவர் தன் புகாரில் அதைத்தான் பெரிய குற்றமாக எழுதியிருக்கிறார். காலியாக இருந்த இடத்தை நிரப்பினேன். அவ்வளவுதான்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

ஒரு பொருள் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்குப் போகும், இல்லாமல் போகாது. முதல் வருட வகுப்பில் இதைத்தான் கற்றுக்கொடுக்கிறார்கள். அவன் சாவும் எங்கோ இருந்தாக வேண்டும். ஒன்பது வாரமாக அது என் அறையில் இருந்தது. அப்போது அவள் வந்து, தன் கையை நீட்டி, இது என்னுடையதா என்று கேட்டாள்.

முதல் மூன்று அமர்வு அவளைப் பேச விட்டேன். நான்காவதில் அவள் தன்னைத் தானே சமாதானம் செய்துகொள்ள ஆரம்பித்தாள். தெளிவான பெண். அந்த நேரத்தில் கையை எடுத்திருந்தால் ஏழாம் நம்பர் போயிருப்பார், அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், சின்னவன் மறுபடி கூப்பிட்டிருக்கலாம் இல்லையா என்றாள். நியாயமான பேச்சு. இன்னும் இரண்டு வாரம் போயிருந்தால் அவளாகவே கரையேறி, நன்றி சொல்லிவிட்டுப் போயிருப்பாள்.

“ஏழாம் நம்பர் உனக்கு யாரும்மா?” என்று கேட்டேன்.

“யாரும் இல்ல மேடம். பேஷன்ட்.”

“தம்பி?”

நான் சொன்னது அந்த ஒரு சொல்தான். குரலைக்கூட உயர்த்தவில்லை. டிஷ்யூ பெட்டியை அவள் பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன். கடிகாரம் ஐந்து நாற்பதைக் காட்டியது. மீதி பத்து நிமிடமும் அவள் அழுதாள். அன்று இரவு நான் விடியும்வரை தூங்கினேன்.

ஆறாவது அமர்விலிருந்து எழுதும் பயிற்சி. செய்த தவற்றை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். ‘தம்பி கூப்பிட்டபோது நான் வேலையில் இருந்தேன்’ என்று எழுதி வந்தாள். இது நடந்தது, தவறு இல்லை என்று திருப்பிக் கொடுத்தேன். அடுத்த வாரம் ‘தம்பி கூப்பிட்டபோது நான் எடுக்கவில்லை’ என்று வந்தது. அதற்கடுத்த வாரம் ‘எடுக்க மறுத்தேன்’. ‘வேறொருவருக்காகத் தம்பியைக் கைவிட்டேன்’ என்று வருவதற்குப் பன்னிரண்டாவது அமர்வு ஆகிவிட்டது. அதை மூன்று முறை உரக்கப் படிக்கச் சொன்னேன். படித்தாள். நான் அவள் தலையில் கை வைத்துப் பிரார்த்தனை செய்து, மன்னிப்புச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். அவள் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பார்த்திருந்தால் இந்த விசாரணையே இருந்திருக்காது.

மன்னிப்பு சுமார் ஒரு வாரம் தாங்கியது. புதன்கிழமை வந்தால் மறுபடி தேவைப்பட்டது. நான் எப்போதும் அங்கே இருந்தேன். ஒரு முறைகூட நேரம் தவறவில்லை.

எங்கே இருந்து கூப்பிட்டான் என்ற கேள்வி மட்டும் அவளை விடவில்லை. நான் அவளிடம் ஒரு பொய்யும் சொன்னதில்லை. ஒவ்வொரு முறையும், எங்கேயிருந்து கூப்பிட்டிருந்தால் உனக்கு நிம்மதியாக இருக்கும் என்று திருப்பிக் கேட்டேன். அவள் யோசிப்பாள். யோசித்து, ஒவ்வொரு முறையும் பாலத்தில்தான் போய் நிற்பாள்.

பதினான்காவது அமர்வில் அந்த வாக்கியத்தை அம்மாவிடம் படித்துக் காட்டச் சொன்னேன். என்னிடம் மட்டும் சொன்னால் போதாது, இழந்தவர்களிடம் சொன்னால்தான் முழுமை என்றேன். அம்மா அடுக்களையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாளாம். குழாயை மூடாமலே கேட்டாளாம். கேட்டு முடித்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

“நீ எடுத்திருந்தா எம்புள்ள இருந்திருப்பான்.”

அதற்குப் பிறகு அம்மா அவளிடம் பேசவில்லை. இன்றுவரை. அவள் போனால் எழுந்து உள்ளே போய்விடுகிறாள். இது நான் எதிர்பார்க்காதது என்று சொல்ல முடியாது. வலி இல்லாமல் குணம் இல்லை என்று அவளிடம் முன்பே சொல்லியிருந்தேன்.

பதினாறாவது அமர்வில் ஏழாம் நம்பர்.

அவரைப் பற்றி அவள் நிறையச் சொல்லியிருக்கிறாள். ஓய்வுபெற்ற தபால்காரர். மனைவி இல்லை. வாரத்துக்கு மூன்று நாள், நான்கு மணி நேரம் ஊசியோடு படுத்திருக்க வேண்டும் என்றாலும் சவரம் செய்துகொண்டு, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வருவாராம். அவளை ‘டாக்டரம்மா’ என்றுதான் கூப்பிடுவார். நான் டாக்டர் இல்லை தாத்தா என்றால், எனக்கு ஊசி போடுற எல்லாரும் டாக்டர்தான், வலிக்காம போட்டா டாக்டரம்மா என்பாராம். அவர் உயிர் பிழைத்த கதையை மற்ற நோயாளிகளிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாராம். தம்பியைப் பற்றி அவருக்குத் தெரியாது. அவள் சொல்லவில்லை.

ஒரு பொய்யின் மேல் அவர் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறாரே, அது உனக்குச் சுமையாக இல்லையா என்று கேட்டேன். இல்லை என்றாள். யோசித்துப் பார் என்றேன். அடுத்த வாரம், ஆமாம் மேடம், சுமையாகத்தான் இருக்கிறது என்றாள். அப்படியானால் இறக்கி வை என்றேன்.

இறக்கி வைத்தாள். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அவர் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, உங்களுக்காக என் தம்பியைக் கைவிட்டேன் என்று சொன்னாள். நான் எழுதிக்கொடுத்த வரிசையில்தான் சொன்னாள். அவர் அவளையே பார்த்தாராம். அப்புறம், தெரியாம போச்சேம்மா, என்னை விட்டிருக்கலாமே என்றாராம். அன்று நான்கு மணி நேரமும் முடித்துக்கொண்டு, சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனார். மறுமுறை வரவில்லை. அதற்கு அடுத்த முறையும் வரவில்லை. போனில் கூப்பிட்டால், உடம்பு தேவலை, வேறு யாருக்காவது என் நாற்காலியைக் கொடுங்கள் என்றிருக்கிறார். ஒன்பதாவது நாள் போய்ச் சேர்ந்தார்.

டயாலிசிஸை நிறுத்துவது நோயாளியின் உரிமை. இதற்கும் விதி இருக்கிறது. உங்களில் ஒருவர் மருத்துவர் என்று நினைக்கிறேன். நீங்கள் சொல்லுங்கள்.

அவள் பத்தொன்பதாவது அமர்வில் வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னாள். இனி யாருக்கும் ஊசி போட முடியாது என்றாள். இப்போது இரண்டு பேர் ஆகிவிட்டார்கள் மேடம் என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். இரண்டாவது வாக்கியத்தையும் எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். அந்த வாரம் எனக்குக் கொஞ்சம் மனசு கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மன்னிப்புப் பிரார்த்தனையை வழக்கத்தைவிட ஐந்து நிமிடம் நீட்டித்தேன்.

இருபத்தோராவது அமர்வு முடிந்து மூன்றாம் நாள் காலை அவள் கணவர் அவளைப் பாலத்தில் கண்டுபிடித்தார். அவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பாலத்தைக் கடக்கும்போது கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ நிற்பது தெரிந்திருக்கிறது. மனைவியின் புடவை நிறம் தெரிந்திருக்கிறது. வேனை நடுரோட்டில் நிறுத்திவிட்டு ஓடியிருக்கிறார். எங்கேருந்து கூப்பிட்டான்னு பார்க்க வந்தேன் என்றாளாம்.

அன்றைக்கே அவர் என் அறைக்கு வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. வாசலில் நின்றார், செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“தம்பியைத் தொலைச்சவளா உங்ககிட்ட அனுப்பினேன். தம்பியைக் கொன்னவளா திருப்பி அனுப்பியிருக்கீங்க.”

பிறகு உங்களுக்கு எழுதினார்.

அவர் புகாரோடு உங்களுக்கு இன்னொரு கடிதமும் வந்திருக்கிறது என்று தெரியும். அவள் எழுதியது. தலைவரம்மா அதைச் சற்று முன் வாசித்தீர்கள். மேடம் மேல் எந்தத் தப்பும் இல்லை, மேடம் இல்லாவிட்டால் நான் என்றைக்கோ போயிருப்பேன், என் பாவத்தை எனக்குக் காட்டி மன்னித்தவர் அவர் ஒருவர்தான், என் வீட்டுக்காரருக்கு இது புரியாது என்று. வாசிக்கும்போது உங்கள் குரல் கொஞ்சம் தடுமாறியது. எனக்கு அந்தக் கடிதத்தில் ஓர் எழுத்தும் அதிகமாகத் தெரியவில்லை.

அந்தக் கடிதம் ஒன்றே எனக்குப் போதும். நீங்கள் விசாரணையை முடித்துக்கொள்ளலாம். ஆனால் ஜெராக்ஸ் கடைக்காரர் வந்து சாட்சி சொல்லியிருக்கிறார். அந்தப் புதன்கிழமை சாயங்காலம் பையன் மாடி ஏறியதைப் பார்த்தேன், இருபது நிமிடம் கழித்து இறங்கியதையும் பார்த்தேன், வழக்கமாக என்னைப் பார்த்து ஏதாவது கிண்டல் பண்ணுவான், அன்றைக்குப் பண்ணவில்லை என்று. பல் மருத்துவர் புதன்கிழமை வருவதில்லை என்பதையும் நீங்கள் விசாரித்து வைத்திருக்கிறீர்கள்.

எழுத்தில் நீங்கள் என்னிடம் கேட்ட கேள்வி, அன்று அவர் அமர்வில் கலந்துகொண்டாரா என்பது. கலந்துகொள்ளவில்லை என்று பதில் எழுதினேன். அது சரியான பதில். மற்றதை யாரும் கேட்கவில்லை. அவளும் எங்கேருந்து கூப்பிட்டான் என்றுதான் கேட்டாளே தவிர, உங்களுக்குத் தெரியுமா மேடம் என்று என்னை ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது தலைவரம்மா கேட்கிறீர்கள். எங்களிடம் சொல்ல வேண்டாம், அவளிடமே சொல்லுங்கள் என்கிறீர்கள். வெளியே பெஞ்சில் கணவரோடு உட்கார்ந்திருக்கிறாள் என்கிறீர்கள். ராத்திரியில் அவளைத் தனியாக விட முடியவில்லை, வீட்டுக் கதவுக்குக் குறுக்கே பாய் போட்டு அவர் படுத்துக்கொள்கிறார், உங்கள் ஒரு வார்த்தையில் அவள் உயிர் இருக்கிறது என்கிறீர்கள். அது எனக்கும் தெரியும். என் வார்த்தையின் எடை எனக்குத் தெரியாமல் இருக்குமா?

சொல்கிறேன். நீங்கள் சொல்லச் சொன்னதால் இல்லை. ஒரு மருந்தை எப்போது கொடுக்க வேண்டும் என்று கொடுக்கிறவருக்குத்தான் தெரியும். பதினேழரை மணி நேரம் அவளைத் தயார் செய்திருக்கிறேன். இப்போது தாங்குவாள்.

அன்று நான் செய்தது என்ன என்று ஒருவேளை நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ளலாம். கோபம் இல்லை. அவன் கேலி செய்ததற்குப் பழியும் இல்லை. என் பதினெட்டு வயது இருட்டில் நான் கூப்பிட்டபோதும் உடனே பதில் வரவில்லை. பல நாள் கழித்துத்தான் வந்தது. அந்தப் பல நாள்தான் என்னை ஆளாக்கியது. அவனுக்கும் ஒரே ஒரு வாரம் அந்தக் காத்திருப்பு கிடைக்கட்டும் என்று நினைத்தேன்.

வரச் சொல்லுங்கள்.

வந்துவிட்டாள். இளைத்துவிட்டாள். கணவர் கதவருகிலேயே நின்றுகொண்டார். அவள் உங்கள் யாரையும் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துத்தான் கை கூப்பினாள். சாப்பிட்டீங்களா மேடம் என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டாள். ஒலிப்பதிவு ஓடுகிறதா? சரி.

“அம்மாடி, சின்னவன் எங்கேருந்து கூப்பிட்டான்னு கேட்டுட்டே இருந்தியே. பாலத்துலேருந்து இல்ல. என் வாசல்லேருந்து. அன்னைக்கு அஞ்சு மணிக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போதே வந்துட்டான். தட்டினான். நீங்க சொன்னபடியே டிக் போட்டுடறேன் மேடம், ரொம்ப முடியல, கதவைத் திறங்கன்னு சொன்னான். அப்புறம் படியில உக்காந்துட்டான். அங்கேருந்துதான் உனக்குப் போட்டான். நீ கட் பண்ணினதும், பெரிசு பிஸின்னு தனக்குத் தானே சொல்லிக்கிட்டான். கோவமா சொல்லல. எனக்கு நல்லாக் கேட்டுச்சு. எழுந்து வந்து மறுபடியும் தட்டினான். உனக்கு அப்புறம் அவன் கூப்பிட்டது என்னைத்தாம்மா. நான் உள்ளேதான் இருந்தேன்.”